பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் ஒரு பொலேரோவும்

விடியற்காலை ஐந்தரை மணிக்கே முந்தல் சோதனைச் சாவடி சுறுசுறுப்பாகிவிடுகிறது. போடிநாயக்கனூரிலிருந்து புறப்பட்ட ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, வேகம் குறைத்து, சாவடியைக் கடக்கின்றன. உள்ளே தலைத்துண்டு கட்டிய பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். மடியில் தூக்குவாளி, காலடியில் பை. பூப்பாறை, சாந்தம்பாறை, உடும்பன்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். மாலையில் இதே வழியாகத்தான் இறங்க வேண்டும்.

அந்த வரிசையை விட்டு விலகி, ஓரத்தில் ஒரு வெள்ளைப் பொலேரோ நிற்கிறது. 2012ஆம் ஆண்டு வண்டி. மதுரையைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று நான்கு பேர் கொழுக்குமலைக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஓட்டுநர் போடிக்காரர். ஏலக்காட்டு ஜீப்புகளை முப்பது வருடம் ஓட்டியவர். மலை தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏதும் கோளாறாண்ணே?" என்று ஆசிரியர் இறங்கி வந்து கேட்கிறார்.

"இன்னும் இல்ல சார். மேல போயி நின்னுட்டுப் பாக்குறதுக்கு, இங்கயே பாத்துட்டா நமக்கு நல்லது."

முந்தலிலிருந்து தலையை உயர்த்தினால் எதிரே மலைச்சுவர். அதில் கோடு கிழித்தது போலச் சாலை ஏறுகிறது. கொச்சியிலிருந்து தொண்டி வரை போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இது. போடி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு சுமார் 1400 மீட்டர். இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளியில் ஒரு வண்டி எத்தனை பலவீனத்தை மறைத்து வைத்திருந்தாலும் இந்த ஏற்றமும் இறக்கமும் ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்துவிடும்.

தேனி மாவட்டத்தில் பொலேரோவைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பது கடினம். ஏலக்காய் வியாபாரி, தோட்டக் கணக்குப்பிள்ளை, காவல் நிலையம், கல்யாண வீடு என்று எல்லோருக்கும் அது வண்டி. அதன் வேர் ஜீப்பில் இருக்கிறது. மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்து இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அந்த வழியில் வந்த பொலேரோ 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்தது. 2011இல் புதுப்பிக்கப்பட்ட வண்டியில் 2523 சிசி காமன் ரெயில் டீசல் இன்ஜின் இருந்தது; திறன் 63 குதிரைத்திறன்தான். 2016இல் நீளம் நான்கு மீட்டருக்குள் குறைக்கப்பட்டு, 1493 சிசி இன்ஜினுடன் 'பவர் பிளஸ்' வந்தது. இன்ஜின் மாறினாலும் எலும்புக்கூடு மாறவில்லை. அடியில் ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன்மேல் தனியாக உட்காரும் பாடி, பின்னால் லீஃப் ஸ்பிரிங். உள்ளூர்ப் பட்டறையில் ஸ்பேனரும் ஜாக்கியும் வைத்தே பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம் என்பதால்தான் கிராமம் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அதுவே ஒரு பழக்கத்தையும் வளர்த்துவிட்டது. "பொலேரோதானே, ஓடும்" என்ற நம்பிக்கையில் பலர் பராமரிப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். ஓடத்தான் செய்கிறது, மலை வரும் வரை.

முதல் ஐந்து வளைவுகள் சிரமமில்லாமல் போகின்றன. இரண்டாவது கியரில் இன்ஜின் சீராக முனகுகிறது. பிள்ளைகள் கீழே சுருங்கிவரும் தென்னந்தோப்புகளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பதாவது வளைவு தாண்டியதும் ஓட்டுநரின் கண் மீட்டர் போர்டில் நிற்கிறது. வெப்பநிலை முள் நடுக்கோட்டைத் தாண்டி மேலே நகர்ந்திருக்கிறது. அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டுகிறார். இன்ஜினை உடனே அணைக்கவில்லை. ஏசியை நிறுத்தி, நியூட்ரலில் ஓட விடுகிறார். முள் மெல்ல இறங்கத் தொடங்கிய பிறகே சாவியைத் திருப்புகிறார்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதுதான் வாட்டர் பம்ப் சுற்றுகிறது, கூலன்ட் ஓடுகிறது. சூடேறிய நிலையில் சட்டென்று அணைத்தால் ஓட்டம் நின்று, சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியுள்ள திரவம் அங்கேயே கொதிக்கும். ஆனால் முள் சிவப்புக்குப் போய்விட்டாலோ, கூலன்ட் வெளியே கொட்டிக்கொண்டிருந்தாலோ உடனே அணைத்துவிட வேண்டும். சுற்றி வரத் திரவமே இல்லாதபோது இன்ஜினை ஓடவிடுவது ஹெட்டை நாசமாக்கும்.

பிள்ளைகளில் பெரியவன் தண்ணீர் பாட்டிலோடு வந்து நிற்கிறான். "இத ஊத்தலாமா தாத்தா?"

"இப்ப மூடியத் தொறந்தா முகம் வெந்துரும்யா. அரை மணி நேரம் கெடக்கட்டும்."

ரேடியேட்டர் மூடி சாதாரண மூடி இல்லை. உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் இருக்கின்றன. அது அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. மலையில் இதன் வேலை இன்னும் முக்கியமாகிறது. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைந்து, திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. போடிமெட்டு உயரத்தில் அது சுமார் 95 டிகிரியிலேயே கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அழுத்தம் கசிந்துவிடும். சமவெளியில் சமாளித்த அதே வண்டி பாதி மலையில் ஆவி விடும்.

சூடு தணிந்து, கனத்த துணியைப் போட்டு மூடியை மெதுவாகத் திறந்தபோது கதை தெரிந்துவிட்டது. ரப்பர் வளையம் காய்ந்து இரண்டு இடத்தில் விரிசல் விட்டிருக்கிறது. ஓட்டுநரின் பழைய பிஸ்கட் டப்பாவில் ஃப்யூஸ், ஹோஸ் கிளிப், பெல்ட் ஆகியவற்றோடு ஒரு புதிய மூடியும் இருக்கிறது. குறைந்த அளவுக்குக் கூலன்ட் ஊற்றி, மூடியை மாற்றியதும் வண்டி கிளம்பத் தயார். கடையில் கிடைக்கும் மிக மலிவான உதிரிபாகங்களில் ஒன்று அது. அதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டே போயிருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் கொடுத்துத் தளம் சமன் செய்து, மறுபடி பூட்ட வேண்டியிருக்கும்.

பொலேரோ சூடேறுவதற்கு மற்ற காரணங்களும் பெரும்பாலும் இப்படிச் சின்னவைதான். ரேடியேட்டரின் தகடுகளுக்கிடையே சேறும் வைக்கோலும் அடைத்திருக்கும். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கும். கூலன்டுக்குப் பதில் வெறும் கிணற்றுத் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றியதால் உள்ளே துருவும் உப்பும் படிந்திருக்கும். கேஸ்கெட் போய்விட்டதற்கான அடையாளங்கள் வேறு: இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வரும், புகைபோக்கியில் வெள்ளைப் புகை நிற்காது, டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருக்கும். அந்த நிலையில் ஓட்டக்கூடாது. கட்டி இழுத்துப் போவதே செலவைக் குறைக்கும்.

பன்னிரண்டாவது வளைவில் முன்னால் ஒரு வேன் திணறுகிறது. அதன் ஓட்டுநர் பிரேக் போடுவதற்குப் பதில், கிளட்சைப் பாதி மிதித்தபடியே வண்டியை ஏற்றத்தில் தொங்க வைத்திருக்கிறார். கருகிய நாற்றம் பின்னால் வருகிறவர்களின் மூக்கில் ஏறுகிறது.

மலையில் கிளட்ச் பிளேட் தேய்வதற்கு முதல் காரணம் இந்தப் பழக்கம். ஏற்றத்தில் நிற்க வேண்டுமானால் ஹேண்ட் பிரேக். கிளம்பும்போது கிளட்சை விட்டு, இன்ஜின் பிடிப்பதை உணர்ந்து, ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். பிளேட் தேய்ந்துவிட்டதா என்று அறிய ஏற்றமே போதும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் இரைச்சல் மட்டும் கூடி, வேகம் கூடாவிட்டால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம். கியர்பாக்ஸை இறக்கும்போது பிளேட்டோடு பிரஷர் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவது மெக்கானிக்குகளின் வழக்கம். பேரிங்கை மட்டும் மிச்சம் பிடித்தால், அது போகும்போது அதே வேலையை மறுபடி முழுதாகச் செய்ய வேண்டும்.

வண்டி இழுக்கவில்லை என்றாலே கிளட்ச்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கறுப்புப் புகையோடு இழுவை குறைந்தால் காற்றுப் பக்கம் பார்க்க வேண்டும். ஏர் ஃபில்டர் தூசி அடைத்திருக்கலாம். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸில் ஒரு வெடிப்பு இருக்கலாம், அல்லது அதன் கிளிப் தளர்ந்திருக்கலாம். டர்போ அழுத்தி அனுப்பும் காற்று வழியிலேயே கசிந்துவிட, டீசல் முழுதாக எரியாமல் புகையாகிறது. ஏற்றத்தில் 'உஸ்ஸ்' என்று ஒரு சீழ்க்கை கேட்டால் முதலில் அந்த ஹோஸைத் தடவிப் பார்ப்பது நல்லது. கை வைத்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேதான்.

போடிமெட்டில் பனி இறங்கியிருக்கிறது. தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்கும் இடம். டீக்கடை வாசலில் தோட்ட ஜீப்புகள் ஐந்து நிமிடம் இளைப்பாறுகின்றன. காற்றழுத்தம் இங்கே கடலோரத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. மனிதர்களுக்கு அது தெரிவதில்லை. டர்போ இல்லாத பழைய ஜீப்புகளுக்குத் தெரியும்.

கடையோரத்தில் அப்படியொரு ஜீப் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிறது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. "ஏர் பிடிச்சிருக்கு" என்று ஒரு இளைஞர் சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்து டீசல் ஃபில்டர் மேலிருக்கும் சின்னத் திருகைத் தளர்த்துகிறார். கை பம்பை அழுத்த அழுத்தத் திருகின் ஓரத்தில் நுரைநுரையாக டீசல் வருகிறது. நுரை நின்று தெளிந்த டீசல் வந்ததும் திருகை இறுக்குகிறார். இரண்டாவது முயற்சியில் இன்ஜின் உறுமுகிறது. டீசல் லைனில் எங்கோ ஒரு வாஷர் வழியாகக் காற்று நுழைந்திருக்கிறது. அந்த வாஷரைக் கண்டுபிடித்து மாற்றாவிட்டால் நாளையும் இதே வேலை இருக்கும்.

பொலேரோவின் ஓட்டுநர் அந்த இளைஞரைப் பார்த்து, "தம்பி, இந்த வேலைய நம்ம வண்டியில செஞ்சிராத" என்கிறார். காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் டீசல் ஆயிரம் மடங்கு வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டிப் பாய்கிறது. இன்ஜின் ஓடும்போதோ, அணைத்த உடனேயோ அந்தக் குழாயின் நட்டைத் தளர்த்தினால், பீறிடும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். இத்தகைய வண்டியில் சாலையோரத்தில் செய்யக்கூடியது ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடிப்பதும், ஃபில்டரை உரிய நேரத்தில் மாற்றுவதும் மட்டுமே. மீதியைக் கருவி உள்ள பட்டறைக்கு விட்டுவிட வேண்டும்.

போடிமெட்டிலிருந்து மூணாறு வரை ஏறத்தாழ 42 கிலோமீட்டர் சாலை அண்மையில் அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. பூப்பாறை வரை வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. இருபுறமும் ஏலச்செடிகள் மரநிழலில் ஆளுயரத்துக்கு நிற்கின்றன. பூப்பாறை தாண்டி, ஆனையிறங்கல் அணையின் நீர்ப்பரப்பு கண்ணில் படும் நேரத்தில்தான் பின்னாலிருந்து அந்தச் சத்தம். ஒவ்வொரு பள்ளத்திலும் 'டொக்'. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தும் வண்டி வலப்பக்கம் ஒதுங்குகிறது.

ஆனையிறங்கல் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. யானைகள் நீர் அருந்த இறங்கும் இடம். சின்னக்கானல் பக்கத்தில் சாலையைக் கடக்கும் யானைகள் வழக்கமானவை. பொழுது சாய்ந்த பிறகு இங்கே வண்டி நிற்பது ஆபத்து. நல்லவேளையாக இன்னும் முற்பகல்தான். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து, ஆட்களை முன்பக்கம் நகர்த்தி உட்காரவைத்து, சூரியநெல்லி வரை மெதுவாகக் கொண்டுபோகிறார்.

சூரியநெல்லிப் பட்டறை தகரக் கொட்டகை ஒன்று. மெக்கானிக்கின் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து வருகின்றன. அவர் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தச் சொல்லி, பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறார். பிறகு ஒரு நூலை எடுத்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இரண்டு பக்கமும் அளக்கிறார். இடப்பக்க அளவு ஒரு விரல்கடை கூட இருக்கிறது.

"சென்டர் போல்ட் போயாச்சு. ஆக்சில் பின்னால நகர்ந்திருக்கு."

லீஃப் ஸ்பிரிங்கின் பட்டைகளை நடுவில் துளைத்துக் கோர்க்கும் போல்ட் அது. அதன் தலை ஆக்சில் மேலுள்ள குழியில் உட்கார்ந்து, ஆக்சில் முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொள்ளும். ஆனால் பட்டைகளையும் ஆக்சிலையும் இறுக்கிக் கட்டி வைத்திருப்பது அது இல்லை. இருபுறமும் உள்ள யூ போல்ட்டுகள்தான். யூ போல்ட் தளர்ந்தால் பாரம் முழுவதும் சென்டர் போல்ட்டின் மேல் விழுந்து, அதை வெட்டிவிடும். அளவுக்கு மீறிய சுமை ஏற்றும் வண்டிகளிலும், பட்டை மாற்றிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்காத வண்டிகளிலும் இது அடிக்கடி நடக்கிறது. இந்த வண்டியில் சில மாதங்களுக்கு முன்புதான் பட்டை மாற்றப்பட்டிருக்கிறது. அதன்பின் யாரும் ஸ்பேனர் வைக்கவில்லை.

வேலை தொடங்குகிறது. முன்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை. ஜாக்கி சட்டத்தின் அடியில், பக்கத்திலேயே தடித்த மரக்கட்டை அடுக்கு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலை கொடுக்க அவர் சம்மதிக்கமாட்டார். சக்கரத்தைக் கழற்றி, யூ போல்ட்டுகளை எடுத்து, பட்டைகளை சி கிளாம்பில் இறுக்கிப் பிடித்து, துண்டான போல்ட்டைத் தட்டி வெளியே தள்ளுகிறார். புதிய போல்ட் போட்டு, அதன் தலை குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்து, யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி மாற்றி இறுக்குகிறார். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்த பக்கம் போனால் பட்டை கோணலாக உட்காரும்.

"நூறு எரநூறு கிலோமீட்டர் ஓடுனதும் ஒருக்கா இறுக்கணும். மறந்துராதீங்க" என்கிறார். அதைத்தான் முன்பு யாரோ மறந்திருக்கிறார்கள்.

ஷேக்கிள் புஷ்களும் சிதைந்திருப்பதால் அவற்றையும் மாற்றிவிடுகிறார். முன்சக்கரங்களைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங்கோ பால் ஜாயிண்ட்டோ தேய்ந்திருக்கும். பிறகு இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுகிறார். அதில் ஆட்டம் இருந்தால் டை ராடு எண்ட். வலப்பக்கத்தில் லேசான ஆட்டம். இப்போதைக்கு ஆபத்தில்லை, ஊர் திரும்பியதும் மாற்றி, வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறார். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடிந்துவிடும் என்பதால், அந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்யாமல் மலை ஏறுவதை அவர் ஏற்பதில்லை.

மறுநாள் அதிகாலை நான்கு மணி. கொழுக்குமலைக்குச் சொந்த வண்டியில் போக முடியாது. சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்தான். கொழுக்குமலை தேனி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் தமிழகப் பக்கமுள்ள குரங்கணியிலிருந்து அங்கே ஏற மோட்டார் சாலை கிடையாது. தமிழ்நாட்டு மண்ணில் கால் வைக்கக் கேரளத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் சாலை என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது. கல், கல்லுக்கு மேல் கல். ஜீப் ஓட்டுநர் ஃபோர் வீல் லோ கியரைப் போடுகிறார். வேகம் மனிதன் நடக்கும் அளவுக்கு வந்துவிடுகிறது, சக்கரங்களின் விசை பல மடங்கு கூடிவிடுகிறது. இந்த ஜீப்புகளுக்கு முன்னாலும் பின்னாலும் லீஃப் ஸ்பிரிங்தான். பயணிகள் துள்ளும் ஒவ்வொரு துள்ளலும் பட்டைக்கும் புஷ்ஷுக்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸுக்கும் விழும் அடி.

இந்தத் தடத்து ஓட்டுநர்கள் தங்கள் வண்டியைப் பற்றிப் பேசும்போது கிராஸ் என்ற சொல் அடிக்கடி வருகிறது. கியர்பாக்ஸின் சுழற்சியைக் கோணம் மாறினாலும் ஆக்சிலுக்குக் கொண்டுசெல்லும் சிலுவை வடிவ இணைப்பு அது. உள்ளே ஊசி போன்ற பேரிங்குகள். தண்ணீரும் சேறும் புகுந்து கிரீஸ் கழுவப்பட்டால் துருப்பிடித்து ஆட்டம் காணும். வண்டி கிளம்பும் நொடியில் அடியிலிருந்து 'டங்' என்று ஒலி வந்தால் கிராஸ் எச்சரிக்கிறது. கண்டுகொள்ளாமல் ஓட்டினால் ஒருநாள் ஷாஃப்ட் அறுந்து தொங்கும். அதனால்தான் மழையில் போய் வந்த அன்று மாலையே கிரீஸ் கன் வைத்துப் பழைய கிரீஸும் சேறும் பிதுங்கி வெளியே வரும்வரை புதியதை அடைக்கிறார்கள்.

சூரியன் மேகக் கடலுக்கு மேல் எழும்பியபோது ஜீப்புகள் வரிசையாக நின்றன. சுமார் 7900 அடி உயரம். ஒருபக்கம் மீசைப்புலிமலை, மறுபக்கம் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தில் குரங்கணியும் அதற்கப்பால் போடிச் சமவெளியும். பக்கத்தில் 1930களைச் சேர்ந்த தேயிலைத் தொழிற்சாலை. பழைய இயந்திரங்களால் பாரம்பரிய முறையில் இன்றும் அங்கே தேயிலை தயாராகிறது. ஆசிரியரின் மகள் உருளைகளுக்குப் பக்கத்தில் நின்று, "இதெல்லாம் எப்படி இன்னும் ஓடுது?" என்று கேட்கிறாள். பக்கத்தில் எண்ணெய்க் குப்பியோடு நின்ற தொழிலாளி அதைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறார்.

திரும்பும் பயணத்தில்தான் மலையின் பெரிய பரீட்சை இருக்கிறது. ஏறும்போது கோளாறு வந்தால் வண்டி நிற்கும். இறங்கும்போது கோளாறு வந்தால் நிற்காது.

போடிமெட்டிலிருந்து முந்தல் வரை வண்டி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. ஆட்களோடும் சாமான்களோடும் பொலேரோவின் எடையை 2000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த இறக்கத்தில் அது இழக்கும் ஆற்றல், 50 லிட்டருக்கும் மேற்பட்ட குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. அந்த வெப்பம் எங்காவது போயாக வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் அத்தனையும் முன்சக்கர டிஸ்க்கிலும் பின்சக்கர டிரம்மிலும்தான் இறங்கும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரிவரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரி அளவுக்கு இறங்கிவிடலாம். டாட் 4க்கு அதே எண்கள் 230, 155. தொடர்ந்து மிதித்த பிரேக்கில் இந்த வெப்பம் எளிதில் வந்துவிடும். ஆயில் கொதித்துக் குமிழியானால், மிதிக்கும் பெடல் அந்தக் குமிழியை மட்டுமே நசுக்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி ஓடிக்கொண்டேயிருக்கும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்ற வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

எட்டாவது வளைவில் அதற்கு ஓர் உதாரணம் நிற்கிறது. வெளியூர் கார் ஒன்று. முன்சக்கரங்களிலிருந்து புகை. சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றப் போன ஒருவரைப் பொலேரோ ஓட்டுநர் ஓடிப்போய்த் தடுக்கிறார். பழுக்கச் சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டால் அது வளைந்துவிடும், வெடிக்கவும் கூடும்.

"என்ன கியர்ல எறங்குனீங்க தம்பி?"

"நியூட்ரல்ல விட்டு, இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டோம்ண்ணே. டீசல் மிச்சமாகும்னு..."

ஓட்டுநர் சற்று நேரம் பேசவில்லை. இன்ஜின் அணைந்தால் டீசல் மட்டும் நிற்பதில்லை. பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்கம் பம்ப்பும் நின்றுவிடுகிறது. சேர்த்து வைத்த வேக்கம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்ததும் பெடல் கல்லாக இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். சாவியை முழுதாகத் திருப்பிவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. அந்தக் கார் மலைப்பக்கச் சுவரில் உரசி நின்றது அவர்களின் அதிர்ஷ்டம்.

"எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல எறங்குங்க. பிரேக்க ஒரேயடியா மிதிச்சுக்கிட்டே வராதீங்க. அழுத்தி, வேகத்தக் கொறச்சு, விட்டுருங்க. ஒரு மணி நேரம் ஆறட்டும், அப்புறம் கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

பொலேரோவின் பிரேக்கில் வழக்கமாக வரும் கோளாறுகள் மூன்று. பின்சக்கரத்து வீல் சிலிண்டரின் வாஷர் தேய்ந்து ஆயில் கசியும். டிரம்மின் உட்பக்கம் ஈரமாகவும், ஒருபக்கம் இழுப்பதாகவும் தெரியும். மாஸ்டர் சிலிண்டரின் வாஷர் போனால் பெடலை மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கும். காலிப்பரின் பின்கள் துருவேறிச் சிக்கினால் ஒரு பேடு மட்டும் சீக்கிரம் தேய்ந்து, சக்கரம் சூடேறும். மூன்றையும் உள்ளூர்ப் பட்டறையிலேயே சரிசெய்யலாம். சரிசெய்த பிறகு நான்கு சக்கரங்களிலும் ஏர் எடுத்து, புதிய ஆயில் ஊற்றி, சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே மலைக்குப் போக வேண்டும்.

மாலை ஐந்தரை மணிக்குப் பொலேரோ முந்தலைத் தொடுகிறது. ஓட்டுநர் இறங்கி, பின்சக்கரத்தின் பக்கத்தில் கையை வைத்துப் பார்க்கிறார். மிதமான சூடு. யூ போல்ட் நட்டுகளில் ஸ்பேனரை வைத்து இழுக்கிறார். ஒன்று கால் சுற்று நகர்கிறது. அதையும் இறுக்கிவிட்டு நிமிர்கிறார்.

அவருக்குப் பின்னால் தோட்ட ஜீப்புகள் இறங்கி வருகின்றன. முந்தைய நாள் காலையில் பார்த்த அதே பெண்கள், அதே தூக்குவாளிகள். சில ஜீப்புகளில் உட்கார இடமின்றி நெருக்கியிருக்கிறார்கள்; ஒன்றிரண்டில் பின்பக்கம் தொங்கிக்கொண்டும் வருகிறார்கள். சுற்றுலா வருகிறவர் வருடத்தில் ஒருநாள் கடக்கும் இந்த 17 வளைவுகளை அவர்கள் வேலை நாள் ஒவ்வொன்றிலும் இரண்டு முறை கடக்கிறார்கள். வண்டி அவர்களுடையதல்ல. அதன் பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது, யூ போல்ட் எப்போது இறுக்கப்பட்டது என்று கேட்கும் இடத்தில் அவர்கள் இல்லை.

கேட்க வேண்டியவர்கள் வண்டி வைத்திருப்பவர்களும், ஆள் அனுப்பும் தோட்ட உரிமையாளர்களும், பரிசோதிக்கும் அதிகாரிகளும்தான். இந்தப் பயணத்தில் பழுதானவை ஒரு ரேடியேட்டர் மூடி, ஒரு சென்டர் போல்ட், சில ரப்பர் புஷ்கள். இவற்றில் எதுவும் வீட்டை அடகு வைத்து வாங்கும் பொருளில்லை. மலை ஏறும் ஒவ்வொரு வண்டிக்கும் மாதம் ஒரு நாள் ஒதுக்குங்கள். கூலன்ட், பிரேக் ஆயில், யூ போல்ட், பால் ஜாயிண்ட், டயர் ஆகிய ஐந்தையும் அன்று பாருங்கள். அனுமதித்த ஆட்களுக்கு மேல் ஒருவரையும் ஏற்றாதீர்கள். நாளைக் காலை ஐந்தரை மணிக்கு அதே ஜீப்புகள் மறுபடி முந்தலுக்கு வந்து நிற்கும்.